பரவி இயங்கும் சிறு காலாட்படை அணியை ஆயத்தப்படுத்துவது எப்படி: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

1870 ஆகஸ்ட் 18 அன்று பிரான்சின் சென் பிரீவா ஊருக்கு வெளியே, மறைவிடம் ஏதுமற்ற ஒரு சரிவில் நெருக்கமான வரிசைகளாக முன்னேறிய பிரஷ்ய அரசக் காவற்படை, அந்த ஒரு மாலைக்குள் கொல்லப்பட்டவர்களும் காயமுற்றவர்களுமாக ஏறத்தாழ 8,000 பேரை இழந்தது. 1899 டிசம்பர் 11 அன்று தென்னாப்பிரிக்காவின் மாகர்ஸ்ஃபொன்டைனில், இரவில் வழி தவறாமலிருக்க நெருங்கி நடந்த ஸ்காட்லாந்துப் படையணி ஒன்று, விரிந்து நிற்க நேரம் வாய்க்கும் முன்பே போயர்களின் (அங்கே குடியேறி வாழ்ந்த டச்சு வழியினரின்) பதுங்குகுழித் துப்பாக்கிகளுக்கு முன்னால் சிக்கிக்கொண்டது. ஒவ்வொரு தலைமுறையும் இத்தகைய விலையைக் கொடுத்துத்தான் வீரர்களுக்கு இடையிலான இடைவெளியைக் கூட்டியிருக்கிறது. இன்று தலைக்கு மேல் ட்ரோன் வட்டமிடும் களத்தில் அந்த இடைவெளி இன்னும் பெருகியிருக்கிறது.

பாதுகாப்பியல் படிக்கத் தொடங்கியிருப்பவர்கள், என்.சி.சி. முடித்து அதிகாரித் தேர்வுக்கு ஆயத்தமாகிறவர்கள், போர் உருவகப் பயிற்சிகளை வடிவமைக்க விரும்புகிறவர்கள் ஆகியோருக்காக இது எழுதப்படுகிறது. ஒரு சிறு காலாட்படை அணி பரவி இயங்குவதற்கு வேண்டிய கருவிகளையும் பயிற்சியையும் ஒரு தாளில் நீங்களே திட்டமிட்டுப் பார்க்க வேண்டும். அதற்கான வரிசைதான் கீழே தரப்படுகிறது. எடுத்துக்காட்டாக அமெரிக்க மரைன் படையை எடுத்துக்கொள்கிறேன். 1997இல் தென் கலிஃபோர்னியப் பாலைநிலமான ட்வென்டிநைன் பாம்ஸில் நடத்திய ‘ஹன்டர் வாரியர்’ சோதனையிலிருந்து தொடங்கி, 2005 ஏப்ரலில் அதன் தலைமைத் தளபதி மைக்கேல் ஹேகி கையொப்பமிட்ட ‘பரவிய நடவடிக்கைகள்’ கருத்துரு வரை, பின்னர் அதன் திருத்தங்கள் வரை, அந்தப் படை செய்து பார்த்ததையும் மாற்றிக்கொண்டதையும் வெளிப்படையாகப் பதிவு செய்திருப்பதால், புதியவர்கள் பின்தொடர்ந்து படிக்க அதைவிட வசதியான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

தொடங்குமுன் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் துப்பாக்கியிலிருந்து தொடங்கிப் பிறகு வயர்லெஸ்ஸுக்கு வந்து, கடைசியில் மருத்துவத்தையும் தலைவரின் பயிற்சியையும் ஓரத்தில் எழுதுகிறார்கள். நெருங்கி நிற்கும் அணிக்கு அந்த வரிசை ஓரளவு பொருந்தலாம். பரவி நிற்கும் அணிக்குப் பொருந்தாது. அங்கே அணித் தலைவர் எடுக்கும் முடிவும், காயமுற்றவரின் முதல் பத்து நிமிடங்களும்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன. மற்றவை அவற்றுக்குப் பின்னால் வர வேண்டும்.

முதல் படி: தூரத்தை நேரமாக மாற்றி எழுதுங்கள்

தாளின் மேல்பகுதியில் மூன்று இடைவெளிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வீரருக்கும் அடுத்தவருக்கும் இடையிலானது முதலாவது. இதைக் குரலும் கைச்சைகையும் எட்டும் தூரம் கட்டுப்படுத்துகிறது. அணிக்குள் உள்ள ஒரு குழுவுக்கும் அடுத்த குழுவுக்கும் இடையிலானது இரண்டாவது. ஒரு குழு நகரும்போது மற்றொன்று பார்வையாலும் சுடுதிறனாலும் அதற்குக் காவல் நிற்க முடியுமா என்பதே இதன் எல்லை. அணிக்கும் அதன் தாய்ப் பிரிவுக்கும், அதாவது சில அணிகள் சேர்ந்த பிளாட்டூனுக்கோ சில பிளாட்டூன்கள் சேர்ந்த கம்பெனிக்கோ, இடையிலானது மூன்றாவது. இந்த மூன்றாவது இடைவெளியைக் கிலோமீட்டரில் மட்டும் எழுதுவது போதாது. “உதவி கேட்டால் எவ்வளவு நேரத்தில் வந்து சேரும்?” என்ற கேள்விக்கான விடையாக அதை எழுதுங்கள். சமவெளியில் 3 கிலோமீட்டர் என்பது முக்கால் மணி நேர நடை. அடர்ந்த காட்டு மலையில் அதே 3 கிலோமீட்டர் அரை நாளை விழுங்கிவிடக்கூடும். அணி எத்தனை மணி நேரம் தனியாகத் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது இதிலிருந்து தெரியவரும். தண்ணீர், மருந்து, பேட்டரி, தோட்டா ஆகிய அனைத்தின் அளவும் அந்த ஓர் எண்ணிலிருந்துதான் பிறக்கும்.

இரண்டாம் படி: ஆள் எண்ணிக்கையை ஒரு தலைவரின் கவனத்துக்குள் அடக்குங்கள்

1942இல் எவன்ஸ் கார்ல்சன் தம் மரைன் ரெய்டர் (திடீர்த் தாக்குதல்) பட்டாலியனில், அதாவது சில கம்பெனிகள் சேர்ந்த பிரிவில், ஓர் அணியை 10 பேராக அமைத்தார்: ஒரு தலைவர், அவருக்குக் கீழே மும்மூன்று பேராக மூன்று குழுக்கள். ஒவ்வொரு குழுவிலும் ஒரு ரைபிள், ஒரு தானியங்கி ரைபிள், ஒரு சப்மெஷின்கன் என ஆயுதங்கள் கலந்திருந்தன. அதாவது மூன்று பேர் தனியே போனாலும் அவர்கள் கையில் ஒரு முழுமையான சிறு சக்தி இருந்தது. 1944இல் மரைன் படை முழுவதும் இந்தக் கருத்தை ஏற்று, நான்கு பேர் கொண்ட மூன்று குழுக்களும் ஒரு தலைவருமாக 13 பேர் அணியை நிலைநாட்டியது. இந்தியத் தரைப்படையின் செக்‌ஷனில் 10 பேர் இருப்பதையும் இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்பதைப் புரிந்துகொள்வது அவசியம். சுடப்படும் நேரத்தில், ஒரு மனிதர் மூன்று பேரை அல்லது மூன்று குழுக்களை மனத்தில் வைத்துக்கொண்டு இயக்க முடிகிறது. அதற்கு மேல் போனால் யாராவது ஒருவர் மறக்கப்படுகிறார். 2018இல் மரைன் படையின் தலைமைத் தளபதி ராபர்ட் நெல்லர் அணியை 12 பேராகக் குறைத்து அறிவித்தபோது குழுவை மூன்று பேராக்கி, ஓர் உதவித் தலைவரையும், ட்ரோனையும் வயர்லெஸ்ஸையும் கவனிக்கும் ஒரு கருவி இயக்குநரையும் சேர்த்தார். துப்பாக்கி ஏந்தும் கைகளைக் குறைத்துத் தலைவருக்குப் பக்கத்தில் இருவரை நிறுத்தியது எனக்குச் சரியான திசையாகவே படுகிறது. ஒரு கண் திரையிலும் மறு கண் களத்திலும் இருக்கும் தலைவர் இரண்டையும் இழக்கிறார். பின்னாளில் அந்தப் படை 13 பேருக்கே திரும்பினாலும், கருவிகளைக் கவனிக்கத் தனி ஆள் வேண்டும் என்ற படிப்பினை நிலைத்திருக்கிறது. உங்கள் திட்டத்தில் எண் எதுவானாலும் சரி, ட்ரோனை இயக்குபவரும் அணித் தலைவரும் ஒருவராக இருக்க வேண்டாம்.

மூன்றாம் படி: அணித் தலைவரை உருவாக்குங்கள்

அதிக நேரமும் பணமும் இந்தப் படிக்கே ஒதுக்கப்பட வேண்டும். நெருங்கி நிற்கும் பிளாட்டூனில், இருபத்தைந்து வயதுக்காரரான ஒரு சார்ஜென்டோ ஹவில்தாரோ தடுமாறினால், ஐம்பது மீட்டரில் இருக்கும் லெப்டினன்ட் வந்து திருத்திவிடுவார். பரவிய நிலையில் அந்த ஹவில்தாரே முடிவெடுக்க வேண்டும்; முடிவைத் தள்ளிப்போடுவதும் அங்கே ஒரு முடிவாகிவிடுகிறது.

இதற்கான முதல் பயிற்சி, மேலதிகாரியின் நோக்கத்தைத் தம் சொந்தச் சொற்களில் திருப்பிச் சொல்ல வைப்பது. கட்டளையில் “அந்தக் குன்றைப் பிடி” என்று மட்டும் இருந்தால், குன்றுக்குப் போகும் வழியிலேயே நிலைமை மாறும்போது தலைவர் திகைத்து நிற்பார். “நாளைக் காலை வரை எதிரி வண்டிகள் இந்தச் சாலையைப் பயன்படுத்தக் கூடாது, அதற்காகக் குன்றைப் பிடி” என்று இருந்தால், குன்று பிடிக்க முடியாததாக இருந்தாலும் சாலையைக் கண்காணிக்க வேறொரு மேட்டைத் தேர்ந்தெடுக்க அவருக்கு இடம் கிடைக்கிறது. கம்பெனித் தளபதியின் நோக்கம், பட்டாலியன் தளபதியின் நோக்கம் ஆகிய இரண்டு படிகளையும் அணித் தலைவர் அறிந்திருக்க வேண்டும். குழுத் தலைவர்களுக்கும் அவை சொல்லப்பட்டிருக்க வேண்டும், ஏனெனில் தலைவர் விழுந்தால் அடுத்த நொடியிலிருந்து அந்தச் சுமை அவர்களில் ஒருவர் தோளுக்கு மாறும்.

இரண்டாவது பயிற்சிக்கு ஒரு தாளும் பென்சிலும் போதும். ஓர் எடுத்துக்காட்டை அப்படியே தருகிறேன். “உங்கள் அணி ஒரு பள்ளத்தாக்கின் வாயிலைக் கண்காணிக்கிறது. இரண்டு குழுக்கள் கிழக்குச் சரிவிலும் ஒன்று மேற்கிலும் இருக்கின்றன. மேற்குக் குழுவில் ஒருவர் பாறையிலிருந்து விழுந்து கால் முறிந்துவிட்டது. அதே நேரம், நீங்கள் எதிர்பார்த்ததற்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே பள்ளத்தாக்குக்குள் இரண்டு வண்டிகள் நுழைகின்றன. கம்பெனியுடன் வயர்லெஸ் தொடர்பு விட்டுவிட்டு வருகிறது. உங்களுக்கு மூன்று நிமிடங்கள்.” பயிற்சி பெறுபவர் இதற்குக் கட்டுரை எழுதக் கூடாது. யாரிடம் என்ன சொல்வாரோ அதை வயர்லெஸ்ஸில் பேசுவதுபோலவே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லி முடித்தபின் பயிற்றுநர் ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்: “ஏன் இதை முதலில் சொன்னீர்கள்?” சரியான விடை என்று ஒன்று இருக்காது. ஆனால் காரணம் சொல்ல முடியாத விடைகளும், காயமுற்றவரை முற்றிலும் மறந்த விடைகளும், கம்பெனியின் அனுமதிக்காகக் காத்திருக்கும் விடைகளும் உடனே வெளிப்பட்டுவிடும். வாரத்துக்கு இரண்டு முறை, அரை மணி நேரம் இதைச் செய்யும் அணிக்கும் செய்யாத அணிக்கும் உள்ள வேறுபாட்டைக் களப்பயிற்சியின் முதல் நாளிலேயே காணலாம்.

மரைன் படை இதே திசையில் புதிய வீரர்களிடமிருந்தே தொடங்கியிருக்கிறது. 2021இல் அறிமுகமான அதன் புதிய காலாட்படை அடிப்படைப் பயிற்சி 14 வாரங்களாக நீண்டது; அதற்கு முன் அது ஒன்பது வாரங்களையொட்டியே இருந்தது. சொன்னதைச் செய்யும் ஆளை மட்டும் உருவாக்காமல், முன்கூட்டி யோசிக்கும் ஆளையும் உருவாக்க வேண்டும் என்பதற்காகப் பயிற்சியாளர்கள் சதுரங்கப் பலகையையும் பயன்படுத்தினார்கள்.

நான்காம் படி: செய்தித் தொடர்பும் மௌனமும்

2005ஆம் ஆண்டின் கருத்துருவைச் சோதித்தபோது, அணி அளவிலும் அதற்குக் கீழும் அதிக வயர்லெஸ் கருவிகளைத் தருவது முதன்மையான மாற்றங்களில் ஒன்றாக இருந்தது. இது இயல்பானதே. ஆனால் கருவியைக் கொடுத்துவிட்டு நடைமுறையைக் கற்றுத்தராமல் விட்டால், பரவிய அணியே தன் இருப்பிடத்தை எதிரிக்கு ஒலிபரப்பும் நிலையம் ஆகிவிடும். மின்காந்த அலைகளைத் தேடிக் கண்டுபிடிக்கும் கருவிகள் இன்று மலிவாகிவிட்டன.

2023 புத்தாண்டு பிறந்த இரவில் உக்ரைனின் மக்கீவ்காவில் ருஷ்யப் படையினர் தங்கியிருந்த தொழிற்பள்ளிக் கட்டடம் ராக்கெட் தாக்குதலில் தரைமட்டமானது. 89 பேர் இறந்ததாக ருஷ்யப் பாதுகாப்பு அமைச்சகம் ஒப்புக்கொண்டது. தடையை மீறி வீரர்கள் கைபேசியைப் பயன்படுத்தியதே முதன்மைக் காரணம் என்றும் அது கூறியது. அந்த விளக்கம் பாதி உண்மையைத்தான் சொல்கிறது என்பது என் கருத்து. அத்தனை பேரை ஒரே கூரையின் கீழ் அடைத்து வைத்த அதிகாரிகளின் முடிவும் அந்த மரணங்களில் சமபங்கு வகிக்கிறது. பரவி இயங்கும் பயிற்சி களத்தில் மட்டும் இருந்தால் போதாது; உறங்கும் இடத்திலும் உணவு வழங்கும் இடத்திலும் தொடர வேண்டும்.

உங்கள் திட்டத்தில் தொடர்புக்கு நான்கு வழிகளை வரிசையாக எழுதுங்கள்: வழக்கமான வழி, அது கெட்டால் மாற்று வழி, அதுவும் கெட்டால் நெருக்கடி வழி, எல்லாம் போனபின் கடைசி வழி. கடைசி வழி எதுவானாலும் பேட்டரி தேவைப்படாததாக இருக்க வேண்டும்: குறித்த நேரத்தில் குறித்த இடத்தில் சந்திப்பது, தூதர் ஒருவரை அனுப்புவது, வண்ணத் துணி விரிப்பது போன்றவை. நான்கும் ஒரே கருவியை நம்பி நிற்கின்றனவா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். புதியவர்கள் எழுதும் திட்டங்களில் இந்தக் குறை அடிக்கடி வருகிறது. அதோடு, தொடர்பு அறுந்தால் அணி என்ன செய்யும் என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும். எத்தனை மணி நேரம் பணியைத் தொடர்வது, எப்போது பின்வாங்குவது, எங்கே கூடுவது ஆகிய மூன்றும் ஒவ்வொரு வீரருக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும்.

பேட்டரியைப் பற்றித் தனியாகக் கணக்கிடுங்கள். முதுகில் சுமக்கும் வயர்லெஸ்ஸுக்கான ஒரு பேட்டரி ஏறத்தாழ 1 கிலோ எடை கொண்டது. அணி எத்தனை மணி நேரம் தனித்திருக்கும் என்று முதல் படியில் எழுதிய எண்ணை இங்கே கொண்டுவந்து பெருக்கிப் பார்த்தால், எத்தனை கிலோ தண்ணீரை அல்லது உணவை விட்டுக்கொடுத்து அந்தப் பேட்டரிகளைச் சுமக்கிறீர்கள் என்பது புலப்படும்.

ஐந்தாம் படி: காயமுற்றவருக்கு யார் பொறுப்பு?

1943 பிப்ரவரியில் ஆர்ட் விங்கேட் தலைமையில் 77ஆவது இந்தியக் காலாட்படை பிரிகேட், பின்னாளில் சிண்டிட்டுகள் என்று புகழ்பெற்ற படை, சின்ட்வின் ஆற்றைக் கடந்து பர்மாவுக்குள் ஜப்பானியப் படைகளின் பின்புறமாக நுழைந்தது. ஏறத்தாழ 3,000 பேர், பத்தி எனப்படும் பல தனித்தனிப் படைப்பிரிவுகளாகப் பிரிந்து காட்டுக்குள் இயங்கினார்கள். உணவும் தோட்டாவும் விமானத்திலிருந்து போடப்பட்டன. ஒவ்வொரு பத்தியிலும் விமானங்களோடு பேச வயர்லெஸ் இருந்தது. பரவி இயங்குவதற்கு வேண்டிய பலவற்றை அவர்கள் முன்கூட்டியே யோசித்திருந்தார்கள். ஆனால் நடக்க முடியாதவர்களைத் திரும்பக் கொண்டுவர வழி இருக்கவில்லை. அப்படிப்பட்டவர்கள் கிராமங்களிலோ காட்டிலோ விட்டுச்செல்லப்பட்டார்கள். 818 பேர் திரும்பவில்லை. ஒரே ஒரு முறை ஒரு டகோட்டா விமானம் காட்டுவெளியில் இறங்கி, ஒரு பத்தியைச் சேர்ந்த சிலரை ஏற்றிச் சென்றது. 1944இன் இரண்டாம் நடவடிக்கையில், வெட்டவெளியில் இறங்கக்கூடிய சிறு விமானங்கள் காயமுற்றவர்களை ஏற்றிச் செல்ல ஏற்பாடு செய்யப்பட்டது. விட்டுச்செல்லப்பட மாட்டோம் என்ற உறுதி இருந்தால்தான் ஒரு வீரர் தாய்ப் பிரிவிலிருந்து விலகிப் போகத் துணிவார். ஆகவே மருத்துவத்தை மனிதாபிமானக் கடமையாக மட்டும் எண்ணி ஒதுக்கிவிடக் கூடாது. பரவலின் அடித்தளமே அதுதான்.

2001 முதல் 2011 வரை ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் இறந்த 4,596 அமெரிக்க வீரர்களைப் பற்றிய மருத்துவ ஆய்வொன்றில், அவர்களில் 87 விழுக்காட்டினர் மருத்துவமனையை அடையும் முன்பே இறந்திருந்தனர் என்பது தெரியவந்தது. அப்படி இறந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் காப்பாற்றப்பட்டிருக்கக் கூடியவர். அவர்களுடைய மரணத்துக்குப் பெரும்பாலும் இரத்த இழப்பே காரணம். இதே காலத்தில் அமெரிக்கத் தரைப்படையின் சிறப்புப் படையான ரேஞ்சர் ரெஜிமென்ட், மருத்துவ உதவியாளர் மட்டுமின்றி ஒவ்வொரு வீரரும் இரத்தப்போக்கை நிறுத்தத் தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கித் தடுக்கக்கூடிய மரணங்களை மிகக் குறைத்துக் காட்டியது.

ஆகவே, இறுக்குப்பட்டை எனப்படும் டூர்னிக்கெட் ஒவ்வொரு வீரரிடமும், எல்லோருக்கும் ஒரே இடத்தில், எந்தக் கையாலும் எடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும். பயிற்சி இப்படி நடக்கட்டும்: இருட்டில், மண்ணில் படுத்த நிலையில், வலது கை செயலற்றதாகக் கருதி, இடது கையால் மட்டும் பட்டையை எடுத்து, வலது கையில் காயத்துக்கு மேலே மாட்டி, பற்களால் வாலைப் பிடித்து இழுத்து, முறுக்குக்கோலைத் திருகிப் பூட்ட வேண்டும். இரத்தம் நிற்கும் அளவுக்கு இறுக்கினால் வலி கடுமையாக இருக்கும். வலிக்கிறதே என்று தளர்த்திவிடக் கூடாது என்பதை முன்பே உணர்த்தியிருக்க வேண்டும். கட்டிய நேரத்தைப் பட்டையிலேயே எழுத வேண்டும், ஏனெனில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால் உறுப்புக்கு ஆபத்து கூடுகிறது. பரவிய அணியில் மீட்பு வர அதைவிட நேரமாகலாம் என்பதால், நெடுநேரம் காயமுற்றவரைப் பேணும் பயிற்சி பெற்ற இருவரேனும் ஒவ்வோர் அணியிலும் இருப்பது நல்லது.

ஆறாம் படி: சுமையை எடைபோட்டுக் குறையுங்கள்

தனித்திருக்கும் அணிக்கு எல்லாமே தேவையாகத் தோன்றும். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. அமெரிக்கத் தரைப்படையின் பழைய வழிகாட்டுதல், சண்டையிடும்போது வீரர் சுமப்பது 22 கிலோவைத் தாண்டக் கூடாது, நடைப்பயணத்தில் 33 கிலோவைத் தாண்டக் கூடாது என்றது. 2003இல் ஆப்கானிஸ்தானில் வான்குடைப் படையினரோடு கூடவே நடந்து எடைபோட்டுப் பார்த்த குழு, சண்டைச் சுமையே சராசரியாக 28 கிலோவைத் தாண்டியதையும், நடைப்பயணச் சுமை 45 கிலோவை எட்டியதையும் பதிவு செய்தது. அத்தனை எடையோடு மலையேறுபவர் காலடியைப் பார்த்துத்தான் நடப்பார்; சுற்றிலும் பார்க்க மாட்டார். கண்காணிப்பதற்காக அனுப்பப்பட்ட அணி அந்த வேலையையே செய்ய முடியாமல் போகிறது.

நடைமுறையில் செய்ய வேண்டியது எளியது. தராசு ஒன்றை வைத்து ஒவ்வொரு வீரரின் சுமையையும் நிறுத்துத் தாளில் எழுதுங்கள். “ஒருவேளை தேவைப்படலாம்” என்ற காரணத்தால் மட்டும் வந்த பொருள்களைத் தனியாகக் குவித்து, அணியில் ஒருவர் வைத்திருந்தால் போதுமானவற்றைப் பிரித்துக் கொடுங்கள். பயிற்சி முடிந்து திரும்பியபின் பயன்படுத்தாத பொருள்களை மீண்டும் ஒருமுறை பரப்பிப் பாருங்கள். மருந்துப் பை, தண்ணீர், கூடுதல் தோட்டா தவிர, மூன்று பயிற்சிகளில் தொடப்படாத பொருளுக்கு அடுத்த முறை பையில் இடமில்லை.

ஏழாம் படி: ஆயுதம்

இதற்கு அதிக இடம் தேவையில்லை. அணிக்குள் ஒரே தோட்டா, ஒரே பராமரிப்பு முறை, யார் விழுந்தாலும் மற்றவர் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய கருவி என்ற மூன்று விதிகளும் போதும். மரைன் படை எம்27 ரைபிளை முதலில் அணியின் தானியங்கி ஆயுதமாகவும், பிறகு ஏறத்தாழ எல்லாக் காலாட்படை வீரருக்குமான ஆயுதமாகவும் ஆக்கியதில் ஒரு கூடுதல் நன்மை இருந்தது: தானியங்கித் துப்பாக்கிக்காரர் யார் என்பதைத் தொலைவிலிருந்து எதிரியால் பிரித்தறிய முடியவில்லை. பீரங்கி, விமானம் போன்றவற்றின் தொலைதூரத்து ஆதரவுச் சுடுதலை அழைக்கும் திறன் அணியின் உண்மையான பலம் என்பதால், அணித் தலைவரைத் தவிர இன்னும் இருவரேனும் அதில் தேர்ந்திருக்க வேண்டும்.

எட்டாம் படி: பயிற்சியின் வரிசை

தனிநபர் திறனில் தொடங்கி, குழுவுக்கும் அணிக்கும் நகர்ந்து, கடைசியில் எதிரியாக நடிக்கும் இன்னோர் அணியோடு மோத விட வேண்டும். தனிநபர் திறன்களில் வழியறிதலுக்கு முதலிடம் தருகிறேன். ஜிபிஎஸ் தடைப்படும் களத்தில், வரைபடமும் திசைகாட்டியும் காலடிக் கணக்குமே எஞ்சும். சமதரையில் அளந்து வைத்த 100 மீட்டரை இயல்பான நடையில் கடந்து, இடது கால் ஊன்றிய தடவைகளை மட்டும் எண்ணுங்கள். பெரும்பாலோருக்கு 60 முதல் 70 வரை வரும். பிறகு அதே தூரத்தை ஏற்றத்திலும், புதரிலும், இரவிலும், முழுச் சுமையோடும் நடந்து பாருங்கள். எண் கூடிக்கொண்டே போகும். ஒவ்வொருவரும் தம் எண்களைச் சிறு அட்டையில் எழுதி வைத்திருக்க வேண்டும். கயிற்றில் கோத்த மணிகள் எண்ணிக்கை மறக்காமலிருக்க உதவும்: கீழே ஒன்பது மணிகள், மேலே நான்கு. ஒவ்வொரு 100 மீட்டருக்கும் கீழ்மணி ஒன்றை இழுத்து, ஒன்பதும் முடிந்தபின் வரும் அடுத்த 100 மீட்டரில் மேல்மணி ஒன்றை இழுத்தால் ஒரு கிலோமீட்டர் கணக்காகிறது.

அடுத்தது உற்றுநோக்கல். 2007இல் மரைன் படை ‘காம்பாட் ஹன்டர்’ என்ற பயிற்சியைத் தொடங்கி, வேட்டைக்காரரைப்போலத் தடம் பார்க்கவும், ஓர் ஊரின் வழக்கமான ஓட்டத்தை மனத்தில் பதித்து அதில் தென்படும் மாற்றத்தைக் கவனிக்கவும் வீரர்களுக்குக் கற்பித்தது. சந்தை நாளில் கடைகள் மூடியிருப்பதையும், விளையாடும் சிறுவர்கள் திடீரென்று காணாமற்போவதையும் கவனிக்கத் தெரிந்த அணி, வெடிச்சத்தத்துக்கு முன்பே விழித்துக்கொள்கிறது. ஊர்மக்களை மதித்துப் பேசப் பழகுவதும் இதே பாடத்தில் சேர வேண்டும். பரவிய சிறு அணி, பெரும்பாலும் எண்ணிக்கையில் தன்னைவிடப் பெரிய ஊர்களுக்கு நடுவே இயங்குகிறது. குடிமக்களைக் காப்பதும், சரணடைந்தவர்களையும் காயமுற்ற எதிரியையும் ஜெனீவா உடன்படிக்கைகளின்படி நடத்துவதும் மேலதிகாரி பார்க்காத இடத்திலும் மாறாமல் இருக்க வேண்டும். தலைவரைத் தேர்ந்தெடுக்கும்போது இந்தப் பண்பையே நான் முதலில் பார்ப்பேன்.

மோதல் பயிற்சியில் எதிரணிக்கு முழுச் சுதந்திரம் கொடுங்கள். எங்கே, எப்போது வருவார்கள் என்று எழுதி வைத்த பயிற்சி, எழுதியவரின் எண்ணத்தைத்தான் சோதிக்கிறது. இடையில் நடுவர் திடீரென்று தலைவரை “விழுந்துவிட்டார்” என்று அறிவிக்கட்டும், வயர்லெஸ்ஸை அணைக்கட்டும், தூக்கிச் செல்லக் கனமான ஒருவரைக் காயமுற்றவராக்கட்டும். நான்கு பேர் ஒருவரைத் தூக்கிச் சென்றால், அந்த ஐவரும் போனபின் காவலுக்கு எத்தனை பேர் எஞ்சுகிறார்கள் என்பதை 13 பேர் அணி தன் உடலாலேயே கற்றுக்கொள்ளும்.

ஒன்பதாம் படி: முடிந்தபின் பேசுதல், கம்பெனியைச் சீரமைத்தல்

கார்ல்சனின் பட்டாலியன் 1942 நவம்பர் 4 முதல் டிசம்பர் 4 வரை பசிபிக் தீவான குவாடல்கனாலின் காட்டுக்குள், ஜப்பானியருக்கு எதிராக நடத்திய நீண்ட ரோந்தில், தம் பக்கம் 16 பேரை இழந்து, எதிரிப் பக்கம் 488 பேரைக் கொன்றதாகக் கணக்குக் கொடுத்தது. அந்தப் பட்டாலியனில் அதிகாரிகளும் வீரர்களும் ஒன்றாக உட்கார்ந்து, நடந்த சண்டையைப் பற்றிப் பதவி பாராமல் பேசும் கூட்டங்கள் வழக்கமாக இருந்தன. உங்கள் திட்டத்திலும் ஒவ்வொரு பயிற்சியின் முடிவிலும் ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்கப்பட வேண்டும். என்ன நடக்க வேண்டியிருந்தது, என்ன நடந்தது, ஏன் வேறுபட்டது, அடுத்த முறை எதை மாற்றுவது ஆகிய நான்கு கேள்விகளே போதும். மிக இளைய வீரர் முதலில் பேச வேண்டும். மூத்தவர் முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் அதையே வழிமொழிவார்கள். ஒவ்வொரு குழுவும் வேறு வேறு இடத்திலிருந்து பார்த்திருப்பதால், மூன்று குழுக்களின் கதையையும் கேட்காமல் முழு நிகழ்வு யாருக்கும் தெரியவராது.

கடைசியாக, அணியிலிருந்து தலையை உயர்த்திக் கம்பெனியைப் பாருங்கள். 2005இன் கருத்துருவுக்குப் பின் மூன்றாண்டுகளில், தலைமைத் தளபதி ஜேம்ஸ் கான்வே காலத்தில் மரைன் படை கம்பெனி அளவிலான நடவடிக்கைகளை வலுப்படுத்தும் திட்டத்துக்கு நகர்ந்து, கம்பெனிக்கென்று ஒரு செயல்பாட்டு மையத்தையும் உளவுத் தகவல் பிரிவையும் ஏற்படுத்தியது. பல திசைகளில் விலகிப் போன அணிகளின் செய்திகளைப் பெறவும், அவற்றை ஒப்பிட்டுப் பொருள் காணவும், உதவியை யாருக்கு முதலில் அனுப்புவது என்று முடிவு செய்யவும் கம்பெனியில் ஆளும் கருவியும் இல்லையென்றால், அணிகள் அனுப்பும் செய்தி காற்றில்தான் போகும். எனவே உங்கள் தாளின் பின்பக்கத்தில், ஒரே நேரத்தில் மூன்று அணிகள் காயமுற்றவருக்காக உதவி கேட்டால் கம்பெனியில் யார் வயர்லெஸ்ஸை எடுப்பார், யார் குறித்துக்கொள்வார், யார் முடிவெடுப்பார், எந்த வண்டி அல்லது ஹெலிகாப்டர் எந்த அணிக்கு முதலில் போகும் என்று பெயரும் பதவியுமாக எழுதுங்கள். அதை எழுத முடியாவிட்டால், முதல் படிக்குத் திரும்பிப் போய் மூன்றாவது இடைவெளியைக் குறையுங்கள்.